மண்ணின் தடையும் வானின் வழியும்: பெஸ்ஸி கோல்மன்

பெண்ணொருத்தி வானில் செல்லும் காட்சி தமிழ்க் காப்பிய உலகிற்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியை இயக்கப் பயில்கிறாள். கருவுற்ற நிலையில் அதிலேறிப் பகைவரிடமிருந்து தப்புகிறாள். எனினும் அப்பொறியைச் செய்வித்தவனும், இடர் சூழ்ந்த வேளையில் அவளை அதில் ஏற்றி விடுத்தவனும் அவள் கணவன் சச்சந்தனே. பொறியைத் தானே நாடிச் சென்று, பயிற்சியைத் தன் உழைப்பால் பெற்று, பறத்தலையே தன் வாழ்வாகக் கொண்ட பெண்டிரைக் காண உலகம் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரைட் சகோதரர்களின் வானூர்தி 1903 இல் எழுந்து ஏழாண்டுகள் கழிவதற்குள்ளாகவே, 1910 மார்ச் 8 இல், பிரான்சு நாட்டின் ரேமோன் தெ லரோஷ் விமானி உரிமம் பெற்றார். உலகில் அவ்வுரிமம் பெற்ற முதல் பெண் அவரே. மறு ஆண்டில் அமெரிக்காவில் ஹாரியட் குயிம்பி அப்பெருமையை எய்தினார். இவ்விருவரும், இவர்களுக்குப் பின் வந்தோரும் எதிர்கொண்ட தடைகள் பல. பெண்ணின் மனம் வானத்து இடர்களைத் தாங்காது என்பது அக்காலத்தவரின் துணிபு. ரூத் லா என்னும் புகழ்பெற்ற விமானி 1917 இல் போர்முனையில் பறக்க இசைவு கேட்டபோது, அமெரிக்கப் படையினர் மறுத்துவிட்டனர். ஆள்சேர்ப்புப் பரப்புரைக்காகச் சீருடை அணிய மட்டும் அவருக்கு ஒப்புதல் கிடைத்தது.

இவர்களெல்லாரும் வெள்ளை இனத்துப் பெண்கள். பயிற்சிப் பள்ளியின் படியேறிப் பணம் செலுத்துவதற்கேனும் இவர்களுக்கு வழியிருந்தது. பெண்ணென்பதோடு கறுப்பினத்தவர், வறியவர் என்னும் மேலும் இரு தடைகளைச் சுமந்து வந்த ஒருவர்க்கு அப்படியும் எட்டாததாக இருந்தது. அத்தடைகளைக் கடந்தவர் பெஸ்ஸி கோல்மன். அவரது வாழ்க்கை முப்பத்து நான்கு ஆண்டுகளில் முடிந்தது. அதில் அவர் விமானியாக வாழ்ந்தவை ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு.

பருத்திக் காட்டில்

பெஸ்ஸி 1892 ஜனவரி 26 இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ், தாய் சூசன். பதின்மூன்று மக்களுள் பெஸ்ஸி பத்தாமவர். அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது இருபத்தேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமைத் தளை அறுந்ததே தவிர, பிரித்து வைக்கும் வழக்கம் அறவில்லை. பள்ளியும் தொடர்வண்டிப் பெட்டியும் கறுப்பினத்தார்க்கு வேறு, வெள்ளையர்க்கு வேறு என்றிருந்தன. பெஸ்ஸிக்கு இரண்டு வயதானபோது குடும்பம் பருத்தி விளையும் வாக்சஹாச்சிக்குக் குடிபெயர்ந்தது.

தந்தையின் முன்னோருள் அமெரிக்கப் பழங்குடியினரும் இருந்தனர். டெக்சாசில் தமக்கு இருமடங்கு இழிவே வாய்க்கும் என்று கருதிய அவர், 1901 இல் பழங்குடியினர் நிலப்பகுதியாகிய ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார். உடன்செல்ல சூசன் இசையவில்லை. வெள்ளையர் இல்லம் ஒன்றில் சமையலும் வீட்டு வேலையும் செய்து மக்களைக் காத்தார். தங்கையரைப் பேணும் பொறுப்பு ஒன்பது வயதுச் சிறுமியான பெஸ்ஸியின் மேல் விழுந்தது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த ஓரறைப் பள்ளிக்கு அவர் நான்கு மைல் நடந்து சென்று படித்தார். பருத்தி வெடிக்கும் பருவத்தில் அப்பள்ளி மூடப்படும். ஆசிரியர் முன் அமர்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் காட்டில் பருத்தி எடுப்பர். பெஸ்ஸிக்கு அவ்வேலையில் விருப்பமில்லை. ஆனால் கணக்கில் வல்லவர். எடுத்த பருத்தியின் எடையையும் வரவேண்டிய கூலியையும் சரிபார்க்கும் பொறுப்பைக் குடும்பத்தார் அவரிடமே விட்டனர். ஆண்டுக்கு ஓரிரு முறை ஊருக்கு வரும் நூலக வண்டியிலிருந்து நூல்களை வாங்கி வந்து, எழுத்தறியாத தாய்க்கும் தங்கையருக்கும் இரவில் படித்துக் காட்டுவார். தம் இனத்தில் உயர்ந்தோர் சிலரின் வரலாறுகளை அவர் அறிந்துகொண்டது அந்நூல்களின் வழியேதான்.

சலவைத் தொழிலில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1910 இல் ஓக்லஹோமாவின் லாங்ஸ்டன் நகரிலிருந்த கறுப்பினத்தார் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் கைப்பொருள் தீர்ந்தது. வாக்சஹாச்சிக்குத் திரும்பி மீண்டும் பிறர் துணிகளை வெளுக்கத் தொடங்கினார். கற்க விழைந்தும் பொருளின்மையால் இடையில் நின்ற அந்த வடு அவர் வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை. பிற்காலத்தில் பள்ளியொன்று நிறுவ வேண்டும் என்னும் எண்ணம் அவரை விடாது பற்றியிருந்ததற்கு இதுவே வேராகலாம்.

முடிதிருத்தகத்தில் பிறந்த முடிவு

1915 இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், பெஸ்ஸி சிகாகோவுக்குப் புறப்பட்டார். தெற்கிலிருந்து பல்லாயிரம் கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நோக்கிச் சென்ற காலம் அது. தமையன் வால்டர் அங்கே தொடர்வண்டிப் பணியாளராக இருந்தார். அவர் இல்லத்தில் தங்கிய பெஸ்ஸி, விரல்நகங்களைச் சீர்செய்யும் ஒப்பனைக் கலையைக் கற்று, ஆடவர் முடிதிருத்தகம் ஒன்றில் பணியேற்றார். செய்தியாளர், வணிகர், அரசியலார் எனப் பலரும் கூடும் இடம் அது. முதல் உலகப்போரிலிருந்து மீண்ட வீரர்கள் அங்கமர்ந்து பிரான்சின் போர்முனைகளைப் பற்றிப் பேசுவர். வானூர்திகளைப் பற்றிய பேச்சும் அதில் இடம்பெறும்.

நாட்டுக்காகப் போரிட்டு மீண்டவர்க்கும் சிகாகோ மதிப்பளிக்கவில்லை. 1919 ஜூலையில் மூண்ட இனக்கலவரத்தில் முப்பத்தெட்டுப் பேர் மாண்டனர். அவருள் இருபத்து மூவர் கறுப்பினத்தார். அக்கலவரத்தின் சூடு ஆறாத நாள்களில் மற்றொரு தமையனான ஜான் ஒருநாள் கடைக்கு வந்தார். பிரான்சில் போரிட்டவர் அவர். அந்நாட்டுப் பெண்கள் வானூர்தியும் ஓட்டுகிறார்கள், இங்குள்ள உங்களால் அது ஒருநாளும் முடியாது என்று வாடிக்கையாளர் நடுவே தங்கையை எள்ளி நகையாடினார். அந்த ஏளனத்தை பெஸ்ஸி தாம் செய்ய வேண்டிய செயலாக ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்காவில் அவர் அணுகிய பயிற்சிப் பள்ளி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பெண் என்று சிலர் மறுத்தனர்; நிறத்தைக் காட்டிச் சிலர் மறுத்தனர். சிகாகோ டிஃபெண்டர் என்னும் கறுப்பினத்தார் இதழின் நிறுவனர் ராபர்ட் ஆபட் அவருக்கு ஒரு வழி காட்டினார். பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு பிரான்சுக்கே செல்க என்பது அவரது அறிவுரை. அவ்வறிவுரைக்குச் சான்றும் இருந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரான யூஜின் புல்லார்டு 1917 இல் பிரெஞ்சு வான்படையில் விமானியாகப் பறந்திருந்தார். அவருடைய தாய்நாட்டுப் படையோ அவரை ஏற்கவில்லை.

பெஸ்ஸி மாலை வகுப்பில் பிரெஞ்சு பயின்றார். கூடுதல் ஊதியம் தரும் உணவகப் பணிக்கு மாறிப் பணம் சேர்த்தார். ஆபட்டும், ஜெசி பிங்கா என்னும் கறுப்பின வங்கியாளரும் உதவினர். 1920 நவம்பர் 20 இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறினார். தம் நாட்டில் கிடைக்காத ஒரு கல்விக்காக ஒரு பெண் தன்னந்தனியே கடல் கடந்தார்.

லெ குரோட்டுவாவில்

வட பிரான்சின் சோம் ஆற்று முகத்துவாரத்தில் லெ குரோட்டுவா என்னும் ஊர் உள்ளது. கோத்ரோன் சகோதரர்களின் பயிற்சிப் பள்ளி அங்கிருந்தது. உலகின் முதல் பெண் விமானியாகிய ரேமோன் தெ லரோஷ் 1919 ஜூலையில் வானூர்தி விழுந்து உயிர்நீத்ததும் அதே ஊரின் களத்தில்தான். அந்நிகழ்ச்சி நடந்து ஈராண்டு நிறைவதற்கு முன்பே பெஸ்ஸி அக்களத்தில் பயிற்சியைத் தொடங்கி முடித்தும் விட்டார்.

அவர் பயின்றது நியூபோர் வகையைச் சேர்ந்த ஈரடுக்கு இறக்கை வானூர்தி. மரச்சட்டம், கம்பி, துணி ஆகியவற்றால் ஆன உடல் அது. ஆசிரியர் முன்னிருப்பார், மாணவர் பின்னிருப்பார். பொறியின் பேரிரைச்சலில் ஒருவர் சொல் மற்றவர்க்குக் கேளாது. முன்னிருக்கையில் ஆசிரியர் கட்டுப்பாட்டுத் தடியை அசைக்கும்போது பின்னிருக்கையின் தடியும் உடன் அசையும், கால்மிதியும் அவ்வாறே. கையாலும் காலாலும் அவ்வசைவை உணர்ந்துணர்ந்தே மாணவர் கற்க வேண்டும். நிறுத்தும் தடையும் அதில் இல்லை. தரையிறங்கிய பின் வால்முனை நிலத்தில் உராய்ந்து ஊர்தி தானே நிற்கும். உடன்பயின்ற மாணவர் ஒருவர் விழுந்து மாண்டதை பெஸ்ஸி கண்ணாரக் கண்டார். அந்த அதிர்ச்சிக்குப் பின்னும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. பத்து மாதப் பயிற்சியை ஏழு மாதங்களில் முடித்தார்.

1921 ஜூன் 15 இல் பன்னாட்டு வான்பயணக் கூட்டமைப்பின் உரிமம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பழங்குடி மரபு வழிவந்தவருள்ளும் அவரே முதல் பெண். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அமீலியா இயர்ஹார்ட் இதே கூட்டமைப்பின் உரிமத்தைப் பெற்றது 1923 இல்தான். பெஸ்ஸியின் உரிமத்தில் பிறந்த ஆண்டு 1896 என்று காணப்படுகிறது. நான்கு ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார் போலும். இருபத்தொன்பது வயதில் ஒரு பெண் புதிய கலையொன்றைத் தொடங்குவதை உலகம் எந்த முகத்துடன் பார்க்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வானில் ஒரு தொழில்

1921 செப்டம்பரில் அமெரிக்கா திரும்பியபோது செய்தியாளர் திரண்டு வந்தனர். புகழ் கிடைத்தது, பிழைப்புக்கு வழி கிடைக்கவில்லை. பயணியரை ஏற்றிச் செல்லும் விமானப் போக்குவரத்து அந்நாட்டில் இன்னும் வேரூன்றாத காலம் அது. மக்கள் கூட்டத்தின் முன் வானில் சாகசம் செய்து காட்டுவது ஒன்றே பெரும்பாலான விமானிகளுக்கு வருவாய். அதற்கு உயர்பயிற்சி வேண்டும். கற்பிப்பார் மீண்டும் அமெரிக்காவில் இல்லை. எனவே 1922 பிப்ரவரியில் இரண்டாம் முறையாகக் கடல் கடந்தார். பிரான்சில் பயின்றபின் நெதர்லாந்தில் வானூர்தி வடிவமைப்பாளர் ஃபோக்கரைச் சந்தித்தார்; ஜெர்மனியிலும் பயிற்சி பெற்றார்.

1922 செப்டம்பர் 3 இல் நியூயார்க்கை அடுத்த கர்ட்டிஸ் களத்தில் அவரது முதல் காட்சி நடந்தது. போரில் புகழ் பெற்ற கறுப்பினப் படைப்பிரிவின் வீரர்களைச் சிறப்பிக்க எடுக்கப்பட்ட விழா அது. ஆறு வாரங்கள் கழித்துச் சிகாகோவில், தம் தாயும் உடன்பிறந்தாரும் தரையில் நின்று காண, எட்டு என்னும் எண்வடிவில் வானை வளைத்துப் பறந்தார். நகம் சீர்செய்யும் பெண்ணாகத் தம்மை அறிந்த ஊரில், தம்மை எள்ளிய தமையனின் ஊரில், அவர் பறந்தார்.

அந்நாள்களில் திரைப்படமொன்றில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. கறுப்பினத்தாரே தயாரித்த படம் அது. கந்தலாடை உடுத்து, கையில் கோலும் முதுகில் மூட்டையுமாக நகருக்கு வரும் பேதைப் பெண்ணாக முதற்காட்சியில் தோன்ற வேண்டும் என்றனர். வெள்ளையர் மனத்தில் படிந்த இழிசித்திரத்தைத் தாமே மெய்ப்பிக்க மாட்டேன் என்று பெஸ்ஸி விலகினார். அதனால் பொருளிழப்பு நேர்ந்ததோடு நில்லாமல், கறுப்பினக் கலையுலகில் செல்வாக்குடைய சிலரின் வெறுப்பும் வந்து சேர்ந்தது. பிடிவாதக்காரர், நம்பத் தகாதவர் என்னும் பெயரை அவர்கள் அவர்க்குச் சூட்டினர். அப்பெயரில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை; மேலாளர் பலரோடு பெஸ்ஸி மாறுபட்டதுண்டு. ஆயினும், இணங்கிப் போகத் தெரிந்தவராக இருந்திருந்தால் அவர் வாக்சஹாச்சியை விட்டே புறப்பட்டிருக்க மாட்டார்.

உதவுவார் குறைந்ததால், போருக்குப்பின் படையினர் கழித்து விற்ற ஜென்னி வகை வானூர்தியொன்றையே அவரால் வாங்க முடிந்தது. 1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காட்சிக்காகச் சான்டா மோனிகாவிலிருந்து எழுந்தபோது, முந்நூறு அடி உயரத்தில் பொறி நின்றது. ஊர்தி நொறுங்கியது. அவரது கால் முறிந்தது, விலாவெலும்புகளும் உடைந்தன. காத்திருக்கும் மக்களை ஏமாற்றலாகாது, எப்படியாவது கட்டுப்போட்டு அனுப்புங்கள் என்று மருத்துவரை வேண்டினாராம். மீண்டும் பொதுமக்கள் முன் பறக்கச் சிறிது காலம் ஆயிற்று.

ஒரே வாயில்

1925 ஜூன் 19 இல் டெக்சாசின் ஹூஸ்டன் நகரில் பெஸ்ஸி மீண்டும் பறந்தார். 1865 இல் அடிமைகள் விடுதலை பெற்ற செய்தி டெக்சாஸ் மக்களை எட்டிய நாள் அது. கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் திருநாள். காட்சி முடிந்தபின் அம்மக்களுள் பலர் வானூர்தியில் ஏறித் தம் நகரை முதன்முறையாக மேலிருந்து பார்த்தனர்.

அடுத்து அவர் இளமையில் வாழ்ந்த வாக்சஹாச்சியில் காட்சி ஏற்பாடாயிற்று. வெள்ளையர்க்கு ஒரு வாயில், கறுப்பினத்தார்க்கு மற்றொரு வாயில் என்று அமைத்திருந்தனர். எல்லாரும் ஒரே வாயிலில் நுழைந்தாலன்றித் தாம் பறப்பதில்லை என்று பெஸ்ஸி உறுதியாக நின்றார். ஏற்பாட்டாளர் நெடுநேரம் வாதிட்டு இறுதியில் இணங்கினர். ஒரே வாயில் வழியே இரு சாராரும் நுழைந்தனர். உள்ளே சென்றபின் இருக்கைகள் தனித்தனியாகவே இருந்தன. அவர் பெற்ற வெற்றி ஒரு வாயிலின் அகலம் மட்டுமே. ஆனால் தாம் துணி வெளுத்த ஊரில், சட்டமும் வழக்கமும் ஒருங்கே எதிராக நின்ற நாளில் பெற்ற வெற்றி அது. கறுப்பினத்தாரை நுழையவிடாத காட்சிகளில் பறக்க அவர் வேறிடங்களிலும் மறுத்துவந்தார்.

பின்னர்த் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் திரையரங்குகளிலும் சொற்பொழிவாற்றினார். தம் பறத்தலைக் காட்டும் படச்சுருள்களை ஓட்டிக் காண்பித்தார். கறுப்பின இளைஞர்க்கென ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி என்பதே எல்லா உரைகளின் முடிவாகவும் இருந்தது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஹில் என்னும் போதகரும் அவர் மனைவியும் பெஸ்ஸியைத் தம் மகள்போல் வைத்துக் காத்தனர். அங்கே ஒப்பனை நிலையம் ஒன்றைத் திறந்து, வானூர்திக்கான தவணைப் பணத்தைச் சேர்த்தார். பறக்கக் கற்பதற்கு முன் செய்த தொழிலே, பறந்து புகழ் பெற்ற பின்னும் கைகொடுக்க வேண்டியிருந்தது. எஞ்சிய தவணையை எட்வின் பீமன் என்னும் வெள்ளையினச் செல்வர் கொடுத்துதவ, டல்லசில் இருந்த பழைய ஜென்னி ஒன்று அவருக்கு உரியதாயிற்று.

இறுதிப் பயணம்

1926 மே 1 இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் கறுப்பினத்தார் நலச்சங்கம் காட்சியொன்றை ஏற்பாடு செய்திருந்தது. வில்லியம் வில்ஸ் என்னும் இருபத்து நான்கு வயது வெள்ளையின இளைஞர் அந்த ஜென்னியை டல்லசிலிருந்து ஓட்டி வந்தார். அவர் விமானியும் பொறி பழுதுபார்ப்பவரும் ஆவார். வழியில் பொறி பழுதுற்று, இடையிடையே இறங்கி இறங்கியே ஊர்தி வந்து சேர்ந்தது.

காட்சிக்கு முதல் நாளாகிய ஏப்ரல் 30 இன் காலையில் இருவரும் ஒத்திகைக்கு எழுந்தனர். வில்ஸ் ஓட்டினார். மறுநாள் வான்குடையுடன் குதிப்பதற்கு ஏற்ற இடத்தை மேலிருந்து தேர்வதற்காக பெஸ்ஸி இருக்கைக் கச்சையை அணியவில்லை. உயரம் குறைந்தவராதலின் எட்டிப் பார்த்தால்தான் விளிம்புக்கு அப்பால் நிலம் தெரியும். எழுந்து சில நிமிடங்களில் ஊர்தி திடீரென மூக்குக் கவிழ்ந்து சுழன்று தலைகீழாயிற்று. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டு விழுந்து மாண்டார். ஊர்தியோடு விழுந்த வில்சும் உயிரிழந்தார். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கிடையே ஸ்பேனர் ஒன்று நழுவிச் சிக்கிக் கிடந்ததைப் பின்னர்க் கண்டனர்.

1912 இல் ஹாரியட் குயிம்பியும் இவ்வாறே இருக்கையிலிருந்து வீசப்பட்டு மாண்டார். தொடக்ககால விமானிகளுள் ஆணும் பெண்ணுமாகப் பலர் இவ்வகையில் முடிவெய்தினர். ஆயினும் பெஸ்ஸியின் முடிவைத் தற்செயல் என்று மட்டும் சொல்லி அமைய முடியவில்லை. நல்ல ஊர்தி வாங்கும் பொருள் அவரிடம் இருந்ததில்லை. கழித்து விற்ற பழம்பொறிகளே அவர் கைக்கு எட்டின. தரையில் அவர்முன் அடைக்கப்பட்ட கதவுகள் ஒவ்வொன்றும் அவரை அந்தப் பழைய ஜென்னியை நோக்கியே தள்ளின.

விதைத்ததும் விளைந்ததும்

ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, சிகாகோ என மூன்று நகரங்களில் அவருக்கு இறுதி வழிபாடு நடந்தது. சிகாகோவில் ஆயிரமாயிரமாகத் திரண்ட மக்களின் முன், கறுப்பினத்தார் உரிமைக்கு அஞ்சாது எழுதிய ஐடா வெல்ஸ் அந்நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கினார். லிங்கன் இடுகாட்டில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. வெள்ளையர் நடத்திய நாளேடுகள் சில, வில்சின் இறப்பையே முதன்மையாக வெளியிட்டன. அதே ஊர்தியில் இறந்த பெண்ணுக்கு அவற்றில் கிடைத்தவை ஓரிரு வரிகளே.

அவர் காண விழைந்த பள்ளி அவர் வாழ்நாளில் எழவில்லை. முன்னாள் போர்வீரர் வில்லியம் பவல் 1929 இல் லாஸ் ஏஞ்சலசில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் வான்பயணக் கழகம் ஒன்றை நிறுவி, கறுப்பின இளைஞர்க்குப் பயிற்சியளித்தார். அவர் 1934 இல் வெளியிட்ட நூலையும் பெஸ்ஸிக்கே உரிமையாக்கினார். சிகாகோவின் கறுப்பின விமானிகள் 1931 முதல் லிங்கன் இடுகாட்டின் மேல் பறந்து அவர் கல்லறைக்கு மலர் தூவும் வழக்கத்தைத் தொடங்கினர். அவ்வட்டத்தைச் சேர்ந்த வில்லா பிரவுன் 1938 இல் அமெரிக்க மண்ணிலேயே உரிமம் பெற்றார். பின்னர்ப் பலருக்கு ஆசிரியரானார். பெஸ்ஸி கடல் கடந்து பெற்றதை உள்ளூரில் ஒரு கறுப்பினப் பெண் பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

1992 செப்டம்பரில் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணாகிய மே ஜெமிசன், பெஸ்ஸியின் ஒளிப்படத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார். அமெரிக்க அரசு 1995 இல் பெஸ்ஸிக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023 இல் கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. கல்விக்குச் சில்லறைக் காசு போதாமல் கல்லூரியை விட்டு வந்தவரின் முகம், நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்நாட்டின் சில்லறைக் காசிலேயே ஏறியது.

பெஸ்ஸி பறந்த உயரத்தை அவர்க்குப் பின் வந்தோர் பன்மடங்கு கடந்துவிட்டனர். தாம் மட்டும் உயர்ந்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தால், எந்த வாயிலைப் பற்றியும் வாதிடாமல் பறந்து பொருளீட்டியிருக்கலாம். மேலே செல்லும்போதெல்லாம் கீழே நிற்பவரை அவர் மறக்கவில்லை. வாக்சஹாச்சியில் ஒருநாள் இரு சாராரும் ஒரே வழியில் நுழைந்து, ஒரே வானை அண்ணாந்து பார்த்து நின்றார்களே, அந்தச் சிறுபொழுதுதான் அவர் பறந்த பறத்தல்களிலெல்லாம் உயர்ந்தது.